கட்டுரை எண்ணிக்கையா, உயிர்க் கணக்கா? அமெரிக்கக் கறுப்பினப் பல்கலைகளின் ஆய்வு மையங்களுக்கு மார்க் போடுவது எப்படி

கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சுகாதார ஏற்றத்தாழ்வு ஆய்வு மையத்துக்கு வெளி மதிப்பீட்டாளராக வேலை பார்க்கிறேன். பல்கலையின் பெயர் இங்கே வேண்டாம். ஐந்தாண்டு மானியம் முடியும் தறுவாயில் இருக்கிறது. "இவ்வளவு பணம் வாங்கினீர்களே, என்ன மாறியது?" என்பதற்குப் பதில் எழுத வேண்டும். இங்கே பொதுச் சுகாதாரம், புள்ளியியல், ஆய்வகம் என்று பல துறை ஆட்கள் இருப்பதால் விஷயத்தைப் பொதுவில் வைக்கிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1985இல் அன்றைய அமெரிக்கச் சுகாதாரச் செயலர் மார்கரெட் ஹெக்லர் ஓர் அறிக்கை வெளியிட்டார். வெள்ளையரின் இறப்பு விகிதமே மற்றவர்களுக்கும் இருந்திருந்தால், சிறுபான்மையினரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் சாகாமல் இருந்திருப்பார்கள் என்றது அந்த அறிக்கை. அதே ஆண்டில்தான் நாடாளுமன்றம் சொல்லி, தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். 'ஆர்.சி.எம்.ஐ.' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. கறுப்பின, லத்தீனோ, பூர்வகுடி மாணவர்களைப் படிக்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட, ஆனால் ஆய்வுப் பணம் அதிகம் வந்து சேராத பல்கலைகளுக்கு ஆய்வு வசதியைக் கட்டிக் கொடுப்பது நோக்கம். மெஹாரி, மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரி, ஹோவர்ட், சார்ல்ஸ் ட்ரூ, லூசியானாவின் சேவியர், போர்ட்டோ ரிக்கோ, ஹவாய் என்று பல இடங்கள் இதில் வந்தன. இப்போதைய வடிவத்தில் ஒரு மையத்துக்குள் நிர்வாகம், கருவி வசதி, இளம் ஆய்வாளர் வளர்ப்பு, ஊர்மக்கள் தொடர்பு என்று தனித்தனிப் பிரிவுகள். கூடவே சில ஆய்வுகள். எங்கள் மையமும் இந்தத் திட்டத்தில் ஒன்று.

படிவம் கேட்பது மூன்றே மூன்று: எத்தனை கட்டுரை, எத்தனை புது மானியம், எத்தனை பேருக்குப் பயிற்சி. நிரப்பிவிடலாம், அதில் கஷ்டமில்லை. ஆனால் இந்த மூன்றில் ஒன்றுகூட நோயாளி இருக்கும் பக்கம் போவதில்லை. சரி, நோயாளி வரை போய் அளக்கலாம் என்றால், அங்கே மையத்தின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்ட வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவீர்கள்?

---

சோதனைக்குழாய் எழுதியது:

ஹூஸ்டன்ல லேப்ல இருக்கேன் சார். கட்டுரைய ரொம்ப மட்டமா பேசாதீங்க. கட்டுரை இல்லைன்னா அடுத்த மானியம் இல்ல, மானியம் இல்லைன்னா பையன் இல்ல, லேப் இல்ல. நோயாளி வரைக்கும் போறதெல்லாம் அதுக்கப்புறம்.

எண்ணிக்கை மட்டும் போதாதுன்னு நினைச்சா என்.ஐ.எச். 2016ல கொண்டுவந்த ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் இருக்கே, ஒரு கட்டுரைய மத்தவங்க எவ்வளவு மேற்கோள் காட்டறாங்கன்னு பாக்கறது. அந்தந்தத் துறைக்குள்ளயே ஒப்பிட்டுப் பாக்குது. என்.ஐ.எச். பணத்துல வந்த கட்டுரைகள்ல நடுவுல நிக்கிற கட்டுரைக்கு 1.0. உங்க மையத்துக்கு அதைப் போட்டுப் பாருங்க, யாரும் குறை சொல்ல முடியாது.

படிவம் கேக்காத ஒண்ணை நான் சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) மானியத்துல ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்லை ஒவ்வொண்ணா எண்ணிப் பாக்கற கருவி) வாங்கினாங்க. அருமையான மெஷின். அதை ஓட்டத் தெரிஞ்ச டெக்னீஷியனுக்குச் சம்பளம் அதே மானியத்துலதான். மானியம் நின்னுச்சு, அந்தம்மா வேற வேலைக்குப் போயிட்டாங்க, சர்வீஸ் கான்ட்ராக்ட்டும் புதுப்பிக்கல. நான் பாத்தப்போ மெஷின் மேல பிளாஸ்டிக் உறை, அதுக்கு மேல பிப்பெட் டிப் பெட்டிய அடுக்கி வெச்சிருந்தாங்க. அறிக்கையில அது "உருவாக்கப்பட்ட வசதி". எண்ணிக்கை ஒண்ணு.

வசதிய எண்ணாதீங்க. அது மாசத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுது, யார் யார் நேரம் எடுத்திருக்காங்கன்னு புக்கிங் ஏட்டைக் கேளுங்க.

---

பூங்குழலி_ரா எழுதியது:

நான் பொருளாதாரம். என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த மானியம் வராமல் இருந்திருந்தால் அந்தப் பல்கலை எப்படி இருந்திருக்கும்?

ஹார்வர்டோடு ஒப்பிடுவது அர்த்தமில்லாதது. மானியத்துக்கு முன், பின் என்று அதே பல்கலையை ஒப்பிடுவதும் முழுசாக உதவாது, ஏனென்றால் அந்தக் காலகட்டத்தில் என்.ஐ.எச். பட்ஜெட்டே ஏறி இறங்கியிருக்கிறது. ஒரு வாசல் இருக்கிறது: மூன்று ஆண்டு சராசரியாக என்.ஐ.எச். பணம் 50 மில்லியன் டாலருக்குக் கீழே இருக்கும் நிறுவனங்கள்தான் விண்ணப்பிக்கலாம் என்ற விதி. கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர், சற்றுக் கீழே இருப்பவர் என்று ஒப்பிடலாமே என்று பாடப்புத்தகம் படித்தவர்கள் உடனே குதிப்பார்கள். அந்தக் கோட்டுப் பக்கத்தில் எத்தனை நிறுவனம் நிற்கிறது? விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை வைத்துப் புள்ளியியல் செய்தால் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விடை இருக்கக்கூடிய எல்லை, ஊர் முழுக்க நீளும்.

இன்னொன்று, சோதனைக்குழாய் சாருக்கு. மானியத்தை வெற்றியின் அளவாக எடுக்கிறீர்கள். 2011இல் டோனா கின்தர் குழு 'சயன்ஸ்' இதழில் காட்டியது நினைவிருக்கிறதா? படிப்பு, பயிற்சி, முந்தைய மானியம், கட்டுரை எல்லாவற்றையும் சமன்செய்த பிறகும் கறுப்பின விண்ணப்பதாரருக்கு என்.ஐ.எச். மானியம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவு. 2019இல் ஹாப்பி குழு அடுத்த படிக்குப் போனது. அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், எந்தத் தலைப்பில் ஆய்வு செய்கிறார்கள் என்பதாலேயே வருகிறது. ஊர்மக்கள் மட்டத்து ஆய்வு, ஏற்றத்தாழ்வு ஆய்வு போன்ற தலைப்புகளுக்கே மானிய விகிதம் குறைவு.

அதாவது, ஏற்றத்தாழ்வை ஆராயத்தான் இந்த மையங்களுக்குப் பணம். ஏற்றத்தாழ்வை ஆராய்ந்தால் அடுத்த மானியம் கிடைப்பது கடினம். கிடைக்கவில்லை என்றால் மையம் தோல்வி என்று எழுதுவோம். கோணலான அளவுகோலை வைத்து அளந்துவிட்டு, பலகைதான் கோணல் என்று சொல்கிற வேலை இது.

---

சோதனைக்குழாய் எழுதியது:

அப்போ மானியத்தையே எண்ணக் கூடாதுங்கறீங்களா?

---

பூங்குழலி_ரா எழுதியது:

எண்ணுங்கள். விண்ணப்பித்தது எத்தனை, மறுபடி திருத்தி அனுப்பியது எத்தனை, விவாதத்துக்கே எடுக்காமல் திருப்பியது எத்தனை என்று எல்லாவற்றையும் எண்ணுங்கள். கிடைத்ததை மட்டும் எண்ணினால் என்.ஐ.எச். மதிப்பாய்வுக் குழுவின் ரசனையைத்தான் அளக்கிறோம். முன்பு விண்ணப்பமே போடாத துறையிலிருந்து இப்போது ஆண்டுதோறும் விண்ணப்பம் போகிறது என்றால், மையம் ஏதோ செய்திருக்கிறது.

---

தேனிப்பொண்ணு_அட்லாண்டா எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணே, நான் ஊர்மக்கள் தொடர்பு வேலையில இருக்கறவ. எங்க பிரிவோட சாதனை எப்படி அறிக்கைக்குப் போகுதுன்னு சொல்லவா? கையெழுத்துத் தாள். கூட்டத்துக்கு வந்தவங்க பேரு, தேதி, ஜிப் கோடு. வருஷக் கடைசில அதையெல்லாம் கூட்டி "இத்தனை பேரைச் சென்றடைந்தோம்". ஒரே பாட்டி எல்லா மாசமும் வந்திருந்தா அவங்க பன்னெண்டு பேரு.

போன வருஷம் ஒரு சர்ச் ஹால்ல பிபி பாத்துக்கிட்டு இருந்தோம். புதன்கிழமை பைபிள் வகுப்பு முடிஞ்ச கையோட சாப்பாடும் இருக்கும், அதனால கூட்டம் வரும். வரிசையில ஒரு அம்மா, எழுபது வயசு இருக்கும், கைய நீட்டறதுக்கு முன்னாடி கேட்டாங்க: "இதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் வந்து எங்க ரத்தம் எடுத்துட்டுப் போச்சே, அதுல என்ன தெரிஞ்சதாம்?" எங்க டீம்ல ஒருத்தருக்கும் பதில் தெரியல. அது வேற மையத்தோட ஆய்வு, கட்டுரையா வந்துடுச்சு, நல்ல இதழ்லதான் வந்துச்சு. அந்தம்மாவுக்கு ஒரு பக்கத் தாள்கூட வரல.

டஸ்கீகி ஆய்வை எல்லாரும் இழுப்பாங்க. 1932லருந்து 1972 வரைக்கும் 600 கறுப்பின ஆம்பளைங்களை வெச்சு நடத்தினது, அதுல 399 பேருக்கு சிஃபிலிஸ் இருந்தும் மருந்து குடுக்காம விட்டது, அந்த வடு நிஜம்தான், மறுக்கல. ஆனா ஆய்வுக்கு ஆள் வரலைன்னதும் "டஸ்கீகியால நம்பிக்கை போச்சு"ன்னு ஒரு வரி எழுதிட்டு நகர்ந்துடறாங்க பாருங்க, அது எனக்கு எரிச்சல். எங்ககிட்ட ஜனங்க சொல்றது வேற. பகல் பதினோரு மணிக்கு வரச் சொன்னா வேலைய யாரு பாப்பா? பார்க்கிங்குக்கு யாரு காசு குடுப்பா? போன தடவை ரிசல்ட் எங்க? 1972 மேல பழி போட்டுட்டா நாம எதையும் மாத்த வேண்டியதில்ல, அவ்வளவுதான்.

அதனால என் ஓட்டு: ரிசல்ட் எத்தனை பேருக்குத் திரும்பிப் போச்சு, எத்தனை மாசத்துல போச்சுன்னு அளங்க. அது எங்க கையில இருக்கற விஷயம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தேனிப்பொண்ணு, முடிவு திரும்பிப் போவதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். படிவத்தில் அதற்கு இடமில்லை, இணைப்பாகச் சேர்ப்பேன்.

---

நேர்பட எழுதியது:

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். நேரடியாகக் கேட்கிறேன். 2018இல் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் வந்த லாஸ் ஏஞ்சலிஸ் முடிதிருத்தகச் சோதனை தெரியுமா? 52 கடைகள், ரத்தக்கொதிப்பு உள்ள 319 கறுப்பின ஆண்கள். மருந்தாளுநரே கடைக்கு வந்து மருந்தைச் சரிசெய்து கொடுத்தார். ஆறு மாதத்தில் மேல் ரத்த அழுத்தம், மருந்தாளுநர் வராத மற்றக் குழுவைவிட 21.6 புள்ளி அதிகம் குறைந்தது. இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான முடிவு அபூர்வம். அதை நடத்திய ரொனால்ட் விக்டர் இருந்தது சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில், கறுப்பினப் பல்கலையில் இல்லை.

நோக்கம் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது என்றால், யார் நன்றாகச் செய்கிறாரோ அவருக்குப் பணம் கொடுங்கள். தனியாக ஒரு திட்டம் எதற்கு? 1985 முதல் இத்தனை ஆண்டு ஆயிற்று. 2021இல் கறுப்பினத் தாய்மார் இறப்பு, ஒரு லட்சம் பிரசவத்துக்கு 69.9, வெள்ளையருக்கு 26.6. 2023இல் 50.3க்கு 14.5. இரண்டரை மடங்காக இருந்தது மூன்றரை மடங்கு ஆகிவிட்டது. இதற்கு மார்க் எத்தனை?

---

பூங்குழலி_ரா எழுதியது:

அதே எண்களைத் திருப்பிப் போடுகிறேன். 69.9இலிருந்து 26.6ஐக் கழித்தால் 43.3. 50.3இலிருந்து 14.5ஐக் கழித்தால் 35.8. இடைவெளி குறைந்திருக்கிறது! விகிதமாகப் பார்த்தால் மோசம், வித்தியாசமாகப் பார்த்தால் முன்னேற்றம். 2021 கோவிட் உச்சத்தில் இருந்த ஆண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இறப்பு குறையும்போது விகிதம் ஏறுவது சாதாரணமாக நடக்கும். எந்த அளவையை எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத மதிப்பீட்டாளர், தனக்கு வேண்டிய பதிலைப் பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கணக்குப்பிள்ளை சார், இரண்டையும் போடுங்கள், அடிப்படை எண்களையும் போடுங்கள்.

தேசியத் தாய்மார் இறப்பை ஒரு கல்லூரியின் ஆய்வு மையத் தலையில் கட்டுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களே யோசியுங்கள்.

---

தேனிப்பொண்ணு_அட்லாண்டா எழுதியது:

நேர்பட சார், முடிதிருத்தகச் சோதனை பிரமாதம், நானே வகுப்புல எடுத்திருக்கேன். ஆனா சோதனை முடிஞ்சதும் அந்த மருந்தாளுநருக்குச் சம்பளம் யாரு குடுக்கறதுங்கற கேள்வி அப்படியேதான் நிக்குது. யாரு கண்டுபிடிச்சாங்கறது ஒரு விஷயம். அந்த ஊர்லயே தங்கி அதைச் செய்யப்போற ஆளை யாரு உருவாக்கறாங்கறது இன்னொண்ணு.

2010ல ஃபிட்ஸ்ஹியூ மல்லன் குழு அமெரிக்காவுல உள்ள 141 மருத்துவக் கல்லூரியையும் வேற மாதிரி வரிசைப்படுத்துச்சு. பட்டதாரிகள்ல எத்தனை பேரு குடும்ப மருத்துவம் மாதிரி அடிப்படைச் சிகிச்சைக்குப் போனாங்க, எத்தனை பேரு டாக்டர் பத்தாத இடத்துல வேலை செய்யறாங்க, எத்தனை பேரு சிறுபான்மையினர்னு மூணே கேள்வி. முதல் மூணு இடம் மோர்ஹவுஸ், மெஹாரி, ஹோவர்ட். வழக்கமான தரவரிசையில முன்னாடி இருக்கற பெரிய பெரிய பேருங்கல்லாம் இதுல எங்கயோ பின்னாடி போயிடுச்சு. நீங்க எதை அளக்கறீங்களோ அதுக்கு ஏத்தமாதிரி ஜெயிக்கறவங்க மாறுவாங்க.

---

நேர்பட எழுதியது:

அது மருத்துவக் கல்வி. நான் கேட்டது ஆய்வு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

---

கொக்குவிலான் எழுதியது:

ரொறொன்ரோவில் இருந்து. கனகாலம் நோய்ப்பரவலியலில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஆள். நேர்பட தம்பி கேட்டது நியாயமான கேள்விதான், ஆய்விலேயே ஒரு உதாரணம் தருகிறேன். பொறுமையாக வாசியுங்கோ.

2001-02 காலத்தில் தென்கிழக்கு அமெரிக்காவின் 12 மாநிலங்களில் ஒரு பெரிய தொடர் ஆய்வு, அதாவது அதே ஆக்களைப் பல ஆண்டு பின்தொடர்கிற ஆய்வு, தொடங்கியது. தெற்குச் சமூகத் தொடர் ஆய்வு என்று சொல்லலாம். வாண்டர்பில்ட்டும் மெஹாரியும் சேர்ந்து. ஏறக்குறைய 86,000 ஆக்கள், மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஆக்களை எங்கே சேர்த்தார்கள் என்பதுதான் விசேஷம். பெரும்பாலானோர் ஏழைகளுக்கான சமூக சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்கள். வழமையான ஆய்வுகளில் இந்த ஆக்களின் முகமே தெரியாது.

நுரையீரல் புற்றுநோய்க்கு சி.ரி. ஸ்கான் யாருக்கு எடுக்கலாம் என்று 2013இல் ஒரு தேசிய வழிகாட்டி வந்தது. வயது 55 முதல் 80, நாளுக்கு ஒரு பெட்டி வீதம் 30 ஆண்டுகள் புகைத்திருக்க வேண்டும். கறுப்பினத்தவர் சராசரியாகக் குறைய சிகரெட் புகைக்கிறார்கள், ஆனால் புற்றுநோய் அவர்களுக்கு இள வயதிலேயே வருகிறது. 2019இல் அந்தத் தொடர் ஆய்வின் தரவை வைத்துப் பார்த்தபோது, புகைத்தவர்களில் வெள்ளையரில் 31 சதவீதம் ஸ்கானுக்குத் தகுதி, கறுப்பினத்தவரில் 17 சதவீதம்தான். அதைவிட மோசம், பிறகு நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களையே எடுத்துப் பார்த்தாலும் வெள்ளையரில் 56, கறுப்பினத்தவரில் 32. புற்றுநோய் வந்த கறுப்பின ஆக்களில் மூன்றில் இரண்டு பேரை வழிகாட்டி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். 2021இல் வழிகாட்டி மாறியது: வயது 50, புகைத்த கணக்கு 20. இந்த ஒரு கட்டுரையால் மட்டும் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு கதைக்கப்பட்டதற்கு இந்தத் தரவு ஒரு முக்கிய காரணம்.

இப்ப கணக்குப் பாருங்கோ. தொடங்கியது 2001-02. பலன் 2021. 2006இல் ஐந்தாண்டு மதிப்பீடு செய்ய வந்த ஆளுக்கு என்ன தெரிந்திருக்கும்? "ஆக்களைச் சேர்த்துக்கொண்டு இருக்கிறார்கள், முடிவு ஒன்றும் இல்லை."

---

நேர்பட எழுதியது:

ஐயா, உதாரணம் நல்லது. ஆனால் வாண்டர்பில்ட் இல்லாமல் மெஹாரி தனியாக இதைச் செய்திருக்குமா?

---

கொக்குவிலான் எழுதியது:

மெஹாரி இல்லாமல் வாண்டர்பில்ட் செய்திருக்குமா என்றும் கேட்கலாம் தம்பி. எனக்கும் அதில் ஒரு மனவருத்தம் உண்டு. இப்படியான கூட்டுகளில் பணத்தின் பெரும்பகுதியும் கட்டுரையின் கடைசிப் பெயரும் (தலைமை ஆய்வாளருக்கான இடம் அது) பெரிய இடத்துக்கே போவது வழமை. மதிப்பீட்டில் அதைப் பார்க்க வேண்டும். கூட்டு மானியத்தில் எத்தனை சதவீதம் எந்த நிறுவனத்தின் கணக்குக்குப் போனது, தரவு எந்த சேர்வரில் இருக்கிறது, அந்தத் தரவுக்கு அனுமதி கொடுப்பது யார்? இதைக் கேட்டால் "கூட்டாண்மை" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று விளங்கும்.

இன்னொரு மாதிரியும் இருக்கிறது. மிசிசிப்பியில் ஜாக்சன் இதய ஆய்வு, 5,300க்கு மேற்பட்ட கறுப்பின வயது வந்தோர். அதில் மருத்துவ மையம் ஒரு பக்கம், ஜாக்சன் மாநிலப் பல்கலையும் டூகலூ கல்லூரியும் மறுபக்கம். டூகலூ சின்னக் கல்லூரி. அங்கே இளநிலைப் பிள்ளைகளுக்கு நோய்ப்பரவலியல் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஆய்வின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். தரவு எடுக்கிற ஊரிலேயே அந்தத் தரவை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வரவேண்டும் என்பது ஏற்பாடு.

---

பூங்குழலி_ரா எழுதியது:

நேர்பட, "நன்றாகச் செய்கிறவருக்குக் கொடுங்கள்" என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1910இல் மருத்துவக் கல்லூரிகளின் தரத்தைப் பற்றிய ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை வந்தபோது கறுப்பின மருத்துவக் கல்லூரிகள் ஏழு. ஹோவர்டும் மெஹாரியும் போதும் என்று எழுதினார் அவர். மற்ற ஐந்தும் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் மூடப்பட்டன. பிறகு இரண்டாம் உலகப்போருக்குப் பின் என்.ஐ.எச். பணம் வெள்ளமாகப் பாய்ந்தபோது, வாங்கிக்கொள்ளப் பெரிய ஆய்வகம் உள்ள இடங்களுக்கே அது போனது. அங்கே கட்டடம், அங்கே பேராசிரியர், அங்கேயே அடுத்த மானியம். இன்று போய் "யார் நன்றாகச் செய்கிறார்?" என்று கேட்டால், அந்த வெள்ளம் போன திசையைத்தான் பதிலாகப் பெறுவீர்கள்.

இதற்காக எந்த மையத்தையும் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. தொடக்கப் புள்ளியைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு டாலருக்கு எவ்வளவு வெளியீடு என்று பாருங்கள், மொத்த வெளியீட்டைப் பார்க்காதீர்கள்.

---

நேர்பட எழுதியது:

ஒரு டாலருக்கு என்று பார்ப்பதை ஏற்கிறேன். அதற்கு நான் எதிரி இல்லை. எனக்கு ஒத்துவராதது, எந்த முடிவு வந்தாலும் "அளவுகோல்தான் தப்பு" என்று சொல்லித் தப்பிக்கும் வழி. இந்த இழையிலேயே அது நடந்துகொண்டிருக்கிறது. ஒரு மையம் தோற்றுவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்? அதை யாராவது முதலில் எழுதுங்கள்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

இது நல்ல கேள்வி. நான் சொல்றேன்.

வளர்ப்புப் பிரிவுல சேர்ந்த இளம் பேராசிரியருக்குப் பாட வேலை குறையலைன்னா தோல்வி. இங்க நிறைய இடத்துல செமஸ்டருக்கு நாலு பாடம் எடுக்கறாங்க. மானியத்துல "பாதி நேரம் ஆய்வு"ன்னு எழுதியிருக்கும். டீன் தலையாட்டியிருப்பார். செமஸ்டர் ஆரம்பிச்சா யாரோ ஒருத்தர் லீவு, அந்தப் பாடமும் இவர் தலையில. டைம்டேபிளை வாங்கிப் பாருங்க சார், நேர்காணல்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

ரெண்டாவது, மானிய ஆபீஸ். பெரிய பல்கலையில அங்க ஒரு படையே இருக்கும். சின்ன இடத்துல ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் புதுசு. ஆன்டிபாடிக்குப் பர்சேஸ் ஆர்டர் போட்டா வர்றதுக்குள்ள செல்லெல்லாம் செத்துடும். பணம் சாங்ஷன் ஆன நாள்லருந்து முதல் ஆர்டர் போன நாள் வரைக்கும் எத்தனை நாள்னு முதல் வருஷத்துக்கும் அஞ்சாவது வருஷத்துக்கும் எடுங்க. அது குறையலைன்னா மையம் தன்னைச் சுத்தியிருக்கற நிர்வாகத்த மாத்தவே இல்லன்னு அர்த்தம். கட்டுரை நிறைய வந்திருந்தாலும் சரி, பணம் நின்ன மறுநாள் பழைய நிலைமைதான்.

---

தேனிப்பொண்ணு_அட்லாண்டா எழுதியது:

என் பக்கத்துலருந்து: ஊர்மக்கள் ஆலோசனைக் குழுன்னு ஒண்ணு எல்லா மையத்துலயும் இருக்கும். அவங்க சொன்னதால ஏதாவது ஒரு ஆய்வோட கேள்வியோ, நேரமோ, படிவமோ மாறியிருக்கான்னு கூட்டக் குறிப்பைப் புரட்டுங்க. அஞ்சு வருஷமும் "குழு ஒப்புதல் அளித்தது"ன்னே இருந்தா, அது குழு இல்ல, ரப்பர் ஸ்டாம்ப்.

நல்ல உதாரணம் வேணும்னா ஹவாய். ஹூலா நடனத்த வெச்சு ரத்தக்கொதிப்பைக் குறைக்கற 'கஹோலோ' ஆய்வு. 263 பூர்வகுடி ஹவாய் மக்கள். மூணு மாசத்துல ஹூலா குழுவுக்கு மேல் அழுத்தம் 15.3 குறைஞ்சது, மத்தவங்களுக்கு 11.8. வித்தியாசம் முடிதிருத்தகம் அளவுக்கு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா ஹூலா சொல்லிக்குடுக்கற குருமார் அந்த ஊர்லயே இருக்காங்க. மருந்தாளுநரைத் தினமும் அனுப்பற செலவு கிடையாது.

---

பூங்குழலி_ரா எழுதியது:

அந்த ஆய்வே கணக்குப்பிள்ளை சாரின் தலைவலிக்கும் உதாரணம். பெரிய சோதனைக்குப் பணம் என்.ஐ.எச்.இன் இதய நிறுவனத்தின் வழக்கமான மானியம். அதற்கு முன்னால் பல ஆண்டு ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து வடிவமைத்த வேலை வேறு பணத்தில் நடந்தது. எந்தப் பைக்கு வரவு வைப்பது? நான் என்றால் பங்கு பிரிக்க மாட்டேன். "இந்தப் படி இல்லாமல் அடுத்த படி வந்திருக்குமா?" என்று வரிசையாகக் கேட்டு, சான்று இருக்கும் இடத்தில் மட்டும் கோடு இழுப்பேன். சதவீதம் போட்டால் துல்லியம் போலத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது.

---

கொக்குவிலான் எழுதியது:

ஒன்றை யாரும் கதைக்கவில்லை. 2025இல் என்.ஐ.எச். நூற்றுக்கணக்கான மானியங்களை இடையில் நிறுத்தியது, ஏற்றத்தாழ்வு ஆய்வுகளுக்குப் பெரிய அடி. ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் 5க்கு 4 என்று அந்த நிறுத்தத்துக்கு வழிவிட்டது. 2026க்கான வரவுசெலவு முன்மொழிவில், இந்த ஆர்.சி.எம்.ஐ. திட்டத்தை இப்ப நடத்துகிற சிறுபான்மையினர் சுகாதார நிறுவனத்தையே மூடச் சொல்லியிருந்தார்கள். இந்த நிலைமையில் மதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறவர் கை நடுங்கும்தான். குறை எழுதினால் அதையே எடுத்துக்கொண்டு போய் மூடுவார்கள் என்ற பயம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்தப் பயம் இருக்கிறது ஐயா. மைய இயக்குநரும் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார், "இந்த வருடம் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்" என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூட நினைப்பவர்கள் அறிக்கை படித்துவிட்டு மூடுவதில்லை. நல்லதை மட்டும் எழுதி வைத்தால், திறந்து வைக்க வாதாடுபவர்களுக்கும் என் அறிக்கை பயன்படாது. எதிராளி இரண்டு கேள்வி கேட்டால் சாயம் வெளுத்துவிடும்.

நேர்பட கேட்டதை வைத்தே அறிக்கையின் முதல் பக்கத்தை மாற்றிவிட்டேன். எது தோல்வி என்று முதலில் எழுதுகிறேன்: பாட வேலை குறையாதது, ஆர்டர் போடும் நாட்கள் குறையாதது, கருவியின் புக்கிங் ஏடு காலியாக இருப்பது, ரத்தம் கொடுத்தவருக்கு முடிவு போய்ச் சேராதது. இவை நாலும் மையத்தின் கைக்கு எட்டுபவை, ஐந்தாண்டுக்குள் தெரிபவை. இதில் இரண்டில் எங்கள் மையம் தேறாது, அதையும் எழுதுகிறேன். கட்டுரை, மானியம் இரண்டாம் பகுதிக்குப் போகும், விண்ணப்பக் கணக்கோடு. நோயாளி வரை போன தடம் ஏதாவது இருந்தால், பூங்குழலி சொன்ன மாதிரி படிப்படியாக, சதவீதம் இல்லாமல்.

இன்னும் சிக்கும் இடம் ஒன்று: பழைய ஆட்கள். முதல் மானியக் காலத்தில் பயிற்சி பெற்றவர்கள் இப்போது எங்கே என்று தேடினால், கோப்பில் கல்லூரி மின்னஞ்சல் மட்டும் இருக்கிறது. எல்லாம் செத்த முகவரி.

---

நேர்பட எழுதியது:

எது தோல்வி என்று எழுதினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். முடிவு வந்ததும் இங்கே பகிருங்கள், இரண்டு பாடத்தில் ஃபெயில் ஆனதையும் சேர்த்து.

---

பூங்குழலி_ரா எழுதியது:

மின்னஞ்சலை விடுங்கள். கட்டுரைகளின் நன்றியுரையில் இருக்கும் மானிய எண் வழியாகப் போங்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஆர்.சி.எம்.ஐ. எண்கள் முன்பு 'ஜி12 ஆர்.ஆர்.' என்று தொடங்கும். அதை நடத்திய பிரிவு 2011 கடைசியில் கலைக்கப்பட்டதும் 'ஜி12 எம்.டி.' ஆனது, பிறகு 'யு54 எம்.டி.'. இப்போதைய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய கட்டுரைகள் மொத்தமும் விட்டுப்போகும். மூன்றையும் போட்டு எழுத்தாளர் பெயர்களை எடுத்து, ஆர்கிட் எண்ணோடு (ஒவ்வோர் ஆய்வாளருக்கும் இருக்கும் தனி அடையாள எண்) பொருத்துங்கள். கிடைக்காதவர்களுக்கு அந்தத் துறையின் ஆபீஸ் உதவியாளரைக் கேளுங்கள். யாருக்குக் கல்யாணம் ஆகிப் பெயர் மாறியது என்பதுவரை அவருக்குத்தான் தெரியும்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

அது சரி. எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு அம்மா இருக்காங்க, போன மாசம் ரிட்டயர்மென்ட் நோட்டீஸ் குடுத்துட்டாங்க. உங்க இடத்துலயும் அப்படி யாராவது இருந்தா சீக்கிரம் போய்ப் பாருங்க சார்.